சித்திரகுப்தன் ஏடும் சர்க்கார் ஏடும்

எமலோகத்திலே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறாராம், பெயர் சித்திரகுப்தனாம். மண்ணுலகிலே பிறந்த ஒவ்வொருவரும் செய்த நல்லதும் கெட்டதும், வெளியே சொன்னதும் உள்ளே மறைத்ததும், அவருடைய ஏட்டிலே ஓர் எழுத்தும் பிசகாமல் ஏறிவிடுமாம். கோடானுகோடி உயிர்களின் கணக்கு! ஆயினும் ஏடு நிரம்பிவிட்டதாகப் புராணிகர் எவரும் சொல்லக் கேட்டதில்லை. கரையான் அரித்ததாகக் கதையில்லை. "இடம் போதவில்லை, ஆகவே சென்ற மாதத்துப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டோம்" என்று எமதர்மன் எந்த உயிரிடமும் கை விரித்ததாகத் தகவல் இல்லை. காஞ்சிபுரத்திலே அந்தக் கணக்குப்பிள்ளைக்குக் கோயிலே இருக்கிறது.

கட்டுக்கதைதான். என்றாலும், அதைக் கட்டியவனுடைய மனத்திலே ஓர் ஏக்கம் இருந்திருக்கிறது. அடிபட்டவன், நிலத்தைப் பறிகொடுத்தவன், கூலி கேட்டு உதை வாங்கியவன் — இவனுடைய வழக்கை ஏற்க இங்கே மன்றம் இல்லை. இவன் பட்டதை எழுதி வைக்க இங்கே ஏடு இல்லை. "மேலே ஒருவன் எழுதிக்கொண்டிருக்கிறான், அப்பனே! போய் வேலையைப் பார்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். அடித்தவனுக்கு அது வசதி. அடிபட்டவனுக்கு அது அபின். கணக்குக் கேட்கும் நாளைச் சாவுக்கு அப்பால் தள்ளி வைத்துவிட்டால், உயிரோடிருக்கும் வரையில் எவன் எவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்?

ஆகவேதான் பகுத்தறிவு பேசுவோர் வேறொன்று கேட்டனர். ஏடு இங்கே இருக்கட்டும். கணக்கு இப்போதே நடக்கட்டும். கேட்கும் உரிமை குப்பனுக்கும் சுப்பனுக்கும் இருக்கட்டும் என்றனர். அந்தக் கேள்வி சட்டமாகக் கனிய நெடுங்காலம் ஆயிற்று. சுவீடன் நாட்டிலே 1766 ஆம் ஆண்டிலேயே அரசாங்கக் காகிதங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் செய்தார்கள். இந்திய மாநிலங்களுள் தமிழ்நாடுதான் முதன்முதலில், 1997 இல், தகவல் அறியும் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றியது. விதிவிலக்குகள் மிகுந்த சட்டம். ஆயினும் முதற் சட்டம். இராஜஸ்தானத்திலே பியாவர் நகரத்தில் 1996 இல் உழைப்பாளர்கள் 40 நாட்கள் அமர்ந்து, கணக்கைக் காட்டு என்று எழுப்பிய குரல் நாடெங்கும் பரவிற்று. 2005 அக்டோபர் 12 இல் மத்திய அரசின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு அலுவலகமானால் பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளிலே பதில். எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி திருப்பிக் கேட்கக் கூடாது.

சித்திரகுப்தன் ஏட்டைப் பூமிக்கு இறக்கிவிட்டோம் என்று மகிழ்ந்தோம். மகிழ்ச்சி அடங்குமுன் புதியதொரு கேள்வி நம் முன் நிற்கிறது. ஏட்டைக் கேட்க உரிமை உண்டு, சரி. ஏடு தன்னைத்தானே அழித்துக்கொண்டுவிட்டால்?

வேடிக்கைக்காகக் கேட்கவில்லை, தோழர்களே! காகிதம் இருந்த காலத்திலே ஆவணம் மெல்லச் செத்தது. கரையான் தின்றது, மழை நனைத்தது, எலி கடித்தது. தீயிட்டுக் கொளுத்தினாலும் புகை எழும்பும், சாம்பல் எஞ்சும், "அன்று கொல்லைப்புறத்திலே எதையோ எரித்தார்கள்" என்று சொல்ல ஒரு காவல்காரன் இருப்பான். இன்றைய ஆவணம் மின்னணு ஆவணம். கணிப்பொறியிலே பிறக்கிறது, வன்தட்டிலே வாழ்கிறது, ஒரு விரலசைவிலே மறைகிறது. புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. விரலைக்கூட அசைக்க வேண்டாம். "இத்தனை நாள் கழிந்தபின் நீயே அழித்துக்கொள்" என்று ஒருமுறை கட்டளையிட்டுவிட்டால் போதும். அதன்பின் ஒவ்வொரு நாளும், ஆளில்லாத அறையிலே, அரசாங்கத்தின் நினைவு அரசாங்கத்தாலேயே துடைக்கப்படுகிறது.

சட்டம் இதை அறியாததன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, கணிப்பொறியோ வேறு கருவியோ உண்டாக்கும் எந்தப் பொருளும் ஆவணமே என்கிறது; மின்னஞ்சலும் தகவலே என்கிறது. நான்காம் பிரிவு, எல்லா ஆவணங்களையும் வகைப்படுத்தி, அட்டவணையிட்டு, மக்கள் கேட்டால் எடுத்துத் தரும் வண்ணம் பேண வேண்டும் என்கிறது. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஏழாம் பிரிவும் உண்டு. காக்க வேண்டிய ஆவணத்தை மின்னணு வடிவிலே காக்கலாம். ஆனால் அது பின்னாளில் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று, எந்த நாள், எந்த நேரம் என்ற விவரமும் உடன் இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. எழுத்திலே குறைவில்லை. நடப்பிலே என்ன?

சாத்தான்குளத்தை எந்தத் தமிழன் மறப்பான்? 2020 ஜூன் 19. ஊரடங்கு நாள். கடையைக் குறித்த நேரத்திலே மூடவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் ஜெயராஜ் என்ற தந்தையும் பென்னிக்ஸ் என்ற மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கோவில்பட்டிக் கிளைச் சிறையிலே அடைக்கப்பட்டனர். 22 ஆம் தேதி இரவு மகன் மாண்டார். மறுநாள் காலை தந்தை மாண்டார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அந்தக் காவல் நிலையத்துக்கு நேரில் போனார். அங்கே கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. படம் பதியும் வன்தட்டும் இருந்தது. ஒரு டெராபைட் கொள்ளளவு. இடம் தாராளமாக இருந்தது. ஆயினும் நாள்தோறும் பதிவு தானே அழியும்படி அந்தக் கருவி அமைக்கப்பட்டிருந்தது என்று நடுவர் தம் அறிக்கையிலே எழுதினார். 19 ஆம் தேதியின் இரவு அந்தக் கருவிக்குள் இல்லை!

கண் இருந்தது, கண்டது. நினைவு இருந்தது, இடமும் இருந்தது. ஆனாலும் மறந்தது! மறக்கச் சொன்னது யார்?

இங்கேதான் நம் அறக்கேள்வி பிறக்கிறது. "இயந்திரம் அழித்தது, நாங்கள் தொடவில்லை" என்று சொல்லலாமா? பூட்டிய வீட்டுக்குள்ளே விளக்கைத் திரைச்சீலைக்குப் பக்கத்திலே வைத்துவிட்டு வெளியூர் போனவன், "தீ வைத்தது நானல்ல, காற்று" என்று சொன்னால் ஊர் ஒப்புமா? இயந்திரத்துக்கு ஆசையில்லை, அச்சமில்லை, காப்பாற்ற வேண்டிய பதவியில்லை. மறக்க வேண்டிய தேவை இயந்திரத்துக்கு ஏற்படுவதே கிடையாது. அதற்கு மறதியைக் கற்பித்தவன் மனிதன். இன்ன நாளிலே இன்ன குற்றம் நடக்கும் என்று அறிந்து அவன் கற்பித்திருக்க வேண்டியதில்லை. எது நடந்தாலும் நாளைக்குச் சான்று இருக்காது என்ற ஏற்பாட்டைச் செய்து வைத்தானே, அது போதும். நடந்ததை மறைக்கப் பொய் சொல்பவன் ஒருமுறை பொய் சொல்கிறான். நடக்கப்போவது எதுவானாலும் மறையட்டும் என்று ஏற்பாடு செய்பவன், இனிவரும் ஒவ்வொரு நாளுக்கும் முன்கூட்டியே பொய் சொல்லி வைக்கிறான்.

அன்று அந்தக் கருவி மறந்ததை ஒரு பெண் தலைமைக் காவலர் மறக்கவில்லை. உடன் பணிபுரிவோர் சூழ்ந்திருக்க, அச்சத்தின் நடுவே, கண்டதை நடுவரிடம் சொன்னார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. காவலர்கள் மீதே கொலைக் குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் பெண்ணுக்கு நாம் தலை வணங்குவோம். ஆனால் கேட்போம்: ஒரு நாட்டின் நீதி, தற்செயலாக ஒரு நெஞ்சிலே துணிவு இருந்தால்தான் பிழைக்கும் என்ற நிலை நல்ல நிலையா? சில ஆயிரம் ரூபாய் பெறும் ஒரு வன்தட்டு செய்திருக்க வேண்டிய வேலையை, ஒரு பெண் தன் வாழ்வையே பணயம் வைத்துச் செய்ய நேர்ந்ததே!

அதே ஆண்டு டிசம்பர் 2 இல் உச்சநீதிமன்றம், வேறொரு வழக்கிலே, நாட்டின் காவல் நிலையங்கள் அனைத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதங்கள் காக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிடினும் ஓராண்டுக்குக் குறையாமல் காக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. ஐந்தாண்டு உருண்டது. 2025 செப்டம்பரிலே அதே நீதிமன்றம், காவல் நிலையக் கேமராக்கள் இயங்கவில்லை என்ற செய்தியைக் கண்டு, தானே மறுபடி வழக்கெடுக்க நேர்ந்தது. ஆணை ஏட்டிலே இருந்தது, கேமரா சுவரிலே இருந்தது, பதிவுதான் இல்லை!

காவல் நிலையத்தோடு கதை முடியவில்லை. வாக்குச் சாவடிக்கு வருவோம். வாக்குப்பதிவையும் வாக்கு எண்ணிக்கையையும் தேர்தல் ஆணையம் படமெடுக்கிறது. 2024 டிசம்பர் 9 இல் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம், அரியானா சட்டமன்றத் தேர்தல் பற்றிய ஒளிப்பதிவு முதலியவற்றைக் கேட்ட வழக்கறிஞருக்குக் கொடுங்கள் என்றது. அம்மாதம் 20 ஆம் தேதியே 1961 ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளிலே 93 ஆம் விதி திருத்தப்பட்டது. விதிகளிலே குறிப்பிடப்பட்ட காகிதங்களை மட்டுமே மக்கள் பார்வையிடலாம் என்றாயிற்று. படப்பதிவுக்குக் கதவு அடைபட்டது. அதற்கு முன்பு, கட்டத்துக்குக் கட்டம் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை படங்களைக் காப்பது வழக்கம். 2025 மே 30 இல் ஆணையம் எழுதிய கடிதத்திலே, முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாட்கள் காத்தால் போதும், தேர்தல் வழக்குத் தொடுக்கப்படாவிட்டால் அதன்பின் அழிக்கலாம் என்றாயிற்று. தேர்தல் வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலமும் 45 நாளே. ஆகவே அதற்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். படங்களைத் திரித்துப் பொய்ப் பரப்புரை செய்கிறார்கள், வாக்களித்தவரின் அந்தரங்கம் கெடும் என்பதும் அவர்கள் வாதம்.

வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை; எடைபோடுகிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் எளிய கணக்கு ஒன்றைப் போடுவோம். ஒரு குடிமகன் மனு எழுதுகிறான். பதில் தர அலுவலருக்கு 30 நாள். பதில் திருப்தியில்லையேல் முதல் மேல்முறையீடு. அதைத் தீர்க்க 30 நாள், நீட்டினால் 45 நாள். அப்புறமே தகவல் ஆணையம். ஒரு நாளும் வீணாக்காமல் ஓடினாலும் ஆணையத்தின் வாசலை மிதிக்க 60 நாளோ 75 நாளோ ஆகிவிடும். 45 நாளில் அழியும் ஒரு பதிவை இந்த வழியே போய்க் கேட்பவன் எதைப் பெறுவான்? பந்திக்கு அழைத்து, இலையை எடுத்த பிறகு கதவைத் திறப்பது போலல்லவா இது?

இதிலே இன்னொரு பொந்தும் இருக்கிறது. ஒருவர் கேட்ட தகவலை, கேட்டது தெரிந்தும் அழித்த அலுவலருக்குச் சட்டத்தின் இருபதாம் பிரிவு தண்டம் விதிக்கிறது: நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரை. நன்று. ஆனால் கேட்பதற்கு முன்பே அழித்தவருக்கு? அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை. கேட்டபின் அழித்தால் குற்றம். கேட்குமுன் அழித்தால் நிர்வாகம்! அறிவுள்ளவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்லவும் வேண்டுமா?

"எல்லாவற்றையும் எந்நாளும் காக்க முடியுமா? செலவு யார் தருவது?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. முடியாது, தேவையும் இல்லை. தேநீருக்கு ஆளனுப்பிய சீட்டையும், தெருவிளக்கு மாற்றிய குறிப்பையும் நூறாண்டு சுமக்கச் சொல்லவில்லை. ஆவணத்துக்கும் ஆயுள் உண்டு, முடிந்தால் அழிக்கலாம். ஆனால் அழிப்பதற்கும் ஒரு நாணயம் உண்டு. இன்ன வகை ஆவணம் இத்தனை நாள் என்று முன்னதாக ஊரறிய அறிவிக்க வேண்டும். அந்த நாள், கேட்கிறவன் நடந்து வந்து சேரும் தூரத்தைவிடக் குறைவாக இருக்கலாகாது. வழக்கோ மனுவோ நிலுவையிலிருந்தால் கை வைக்கலாகாது. அழித்தபின், எதை, எப்போது, யார் ஆணைப்படி அழித்தோம் என்ற பட்டியலைக் காக்க வேண்டும். பிணத்தை எரித்தாலும் இறப்புப் பதிவு எழுதி வைக்கிறோமே, அதுபோல.

இது நம் கனவு மட்டுமன்று. 1993 ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், விதித்த முறைக்கு மாறாக அரசு ஆவணத்தை அழிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. கணிப்பொறி தந்த பொருளும் அச்சட்டப்படி ஆவணமே. ஆனால் அது மத்திய அரசுக்கும் அதன் கீழுள்ள அமைப்புகளுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்குமான சட்டம். மாநில அரசின் தாலுகா கச்சேரியை அது தொடாது. தகவல் ஆணையத்துக்கோ, ஆவணங்களைப் பேணுவதிலும் அழிப்பதிலும் உள்ள நடைமுறையை மாற்றிக்கொள் என்று அலுவலகத்துக்கு ஆணையிடும் அதிகாரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவே தந்திருக்கிறது. வாளை உறையிலே வைத்துக்கொண்டு, வாளில்லை என்று வருந்துவானேன்?

"அந்தரங்கம்?" என்பர் அடுத்து. இதுவும் மெய்யான கேள்விதான். 2017 இல் உச்சநீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது. நாமும் அதை வரவேற்கிறோம். வாக்களிக்க வந்த பெண்ணின் முகத்தை ஊர் முச்சந்தியிலே திரையிடு என்று நாம் கேட்கவில்லை. காத்தல் வேறு, காட்டல் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதிலேதான் சூது இருக்கிறது. காட்டக்கூடாததையும் காக்கலாம், முத்திரையிட்டுக் காக்கலாம், நீதிமன்றம் கேட்கும்போது மட்டும் திறக்கலாம், முகத்தை மறைத்துச் செயலை மட்டும் காட்டலாம். காட்டாததை நாளைக்குக் காட்ட முடியும். அழித்ததை எந்த நாளைக்கு யார் காட்டுவது? மேலும், அந்தரங்கம் என்ற கேடயம் எளியவனுக்காகச் செய்யப்பட்டது. 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்திலே தனிநபர் தகவல் பற்றிய பிரிவைத் திருத்தி, பொதுநலம் பெரிதாயின் தரலாம் என்று அப்பிரிவுக்குள் இருந்த வாசகத்தை நீக்கியது. 2025 நவம்பரிலே அத்திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. எளியவனின் கேடயத்தை எடுத்து அலுவலகம் தன் மார்பிலே கட்டிக்கொள்ளுமானால், அதைக் கண்டும் காணாதிருப்பது நமக்கு அழகன்று.

இங்கே பாண்டியன் நெடுஞ்செழியனை நினைக்கிறோம். சிலப்பதிகாரத்தின் அந்த மன்னன் ஆராயாமல் கோவலனைக் கொல்லச் சொன்னான், பெரும்பிழை. ஆனால் ஒன்றை அவன் செய்யவில்லை. கோவலனிடம் பறித்த சிலம்பை உருக்கிவிடவில்லை, கடலிலே எறியவில்லை. கண்ணகி வந்து கேட்டபோது, அந்தச் சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன்னே வைத்தான். தேவியின் சிலம்பிலே முத்து. இவள் உடைத்த சிலம்பிலே மாணிக்கம். தன்னைக் குற்றவாளியாக்கும் சான்றைத் தன் அரண்மனையே காத்து வைத்திருந்தது. தன் கையாலேயே தந்தான். தன் பிழையைத் தானே ஒப்பினான். எண்ணிப் பாருங்கள்: "வழக்கு முடிந்தது, 45 நாளும் கழிந்தது, சிலம்பை அழித்துவிட்டோம்" என்று வாயிலோன் சொல்லியிருந்தால்? கண்ணகி தலைவிரி கோலமாய் அழுத ஒரு கைம்பெண், அவ்வளவே. மன்னன் செங்கோல் வழுவாத மன்னன். கோவலன் என்றென்றும் கள்வன். காப்பியத்துக்கே இடமில்லை! அநீதி செய்த அரசனைக்கூட அறத்தின் பக்கம் திருப்பிக் கொணர ஒரு வழியை மிச்சம் வைத்தது எது? அழிக்கப்படாத சான்று.

தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஏட்டையும் காப்பதே ஆட்சியின் அறம். புகழ்பாடும் ஏட்டைக் காக்க அறம் எதற்கு? அதை ஆசையே காத்துக்கொள்ளும்.

கடல் கடந்தும் ஒரு பாடம் உண்டு. வெள்ளையர் தம் குடியேற்ற நாடுகளைவிட்டு வெளியேறியபோது, பிரிட்டிஷ் அரசுக்குச் சங்கடம் தரும் காகிதங்களைப் புதிய ஆட்சிகளிடம் விட்டுச் செல்லாதீர்கள் என்று 1961 இல் இலண்டனிலிருந்து கட்டளை பறந்தது. எரித்தால் சாம்பலையும் பொடியாக்கு. கடலிலே போட்டால் கனத்த பெட்டியிலே வைத்து ஆழத்திலே போடு என்றெல்லாம் அறிவுரை! ஆனாலும் எல்லாம் அழியவில்லை. 37 நாடுகளின் 8,800 கோப்புகள் அளவில் இங்கிலாந்திலே ஹான்ஸ்லோப் பார்க் என்னுமிடத்தில் ஒளிந்து கிடந்தது 2011 இல் வெளிப்பட்டது. கென்யாவின் மௌ மௌ கிளர்ச்சிக் காலத்திலே, 1950களில், தடுப்பு முகாம்களில் வதைபட்ட முதியவர்கள் தொடுத்த வழக்கே அதை வெளிக்கொணர்ந்தது. 2013 இல் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக ஏறத்தாழ 2 கோடி பவுன் தர ஒப்பியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு! அன்றைக்கு அந்தக் கோப்புகளுக்கு 45 நாள் ஆயுள் விதித்திருந்தால், அந்த முதியவர்களின் தழும்புக்கு எந்தக் காகிதம் சாட்சி சொல்லியிருக்கும்?

கென்யாவை விட்டு நம் கொங்குச் சீமைக்கு வருவோம். நம் அன்னூர் வட்டாரத்திலே நிலமே உயிர். ஒரு காலத்திலே ஊரின் நிலக்கணக்கெல்லாம் பரம்பரைக் கர்ணத்தின் வீட்டு அலமாரியிலே இருந்தது. கணக்கு ஊருடையது, சாவி அவருடையது. உழவன் தன் நிலத்தைப் பற்றித் தானே தெரிந்துகொள்ள அவர் வீட்டுத் திண்ணையோரம் கைகட்டி நின்றான். 1980 இல் அந்தப் பரம்பரைப் பதவி ஒழிந்தது. அதற்கு முன்னாண்டு தொடங்கி, யூ.டி.ஆர். என்று மக்கள் வழங்கும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1980களிலே நடந்தது. அப்போது பெயர் விட்டுப்போனவர், பரப்பளவு மாறிப்போனவர், பக்கத்து நிலத்தோடு கலந்துபோனவர் எத்தனையோ பேர். இன்றளவும் திருத்தம் கேட்டு நடக்கிறார்கள். அவர்களுக்குத் துணை எது? பழைய அ-பதிவேடு, பழைய சிட்டா, பழைய அடங்கல். இன்று பட்டா கணிப்பொறியிலே கிடைக்கிறது. வில்லங்கச் சான்று இணையத்திலே கிடைக்கிறது. நல்ல முன்னேற்றம், கும்பிட்டு நிற்கும் தொல்லை குறைந்தது. ஆனால், கணிப்பொறியிலே ஏறிவிட்டதே என்று பழைய பதிவேட்டைப் பாழாக விட்டால், படியெடுத்தவன் செய்த பிழையே நாளை மெய்யாகிவிடும். பிழையைப் பிழையென்று காட்ட மூலம் இருக்காது. மின்னணுப் பதிவிலும் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற சுவடு காக்கப்படாவிட்டால், கடவுச்சொல்லைக் கையில் வைத்திருப்பவரே புதிய கர்ணம்!

2022 இல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களிலே 3,800 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் டிட்கோ நிறுவனத்தின் தொழிற்பூங்கா என்று அறிவிப்பு வந்தது. உழவர்கள் கொதித்தெழுந்தனர், நடந்தனர், உண்ணாநோன்பிருந்தனர். அவ்வாண்டு டிசம்பரிலே, உழவரின் இசைவின்றி அவர் நிலத்தை எடுப்பதில்லை என்று அரசு சொல்லிற்று. நல்ல சொல். அந்தச் சொல் எங்கே இருக்கிறது? ஒரு செய்திக் குறிப்பிலே, ஒரு கோப்பிலே, ஓர் இணையப் பக்கத்திலே. அரசாங்க இணையதளங்கள் வண்ணம் மாறும்போது பழைய பக்கங்கள் பறந்துபோவதை நாம் பார்க்கிறோம். சொன்ன சொல்லுக்குச் சாட்சியம் அழிந்தால் சொல்லும் அழியும். பாட்டன் காலத்துக் கிரயப் பத்திரத்தைத் தகரப் பெட்டியிலே, புடவை மடிப்புக்குள்ளே வைத்துக் காக்கிறாள் நம் ஊர்க் கிழவி. அவளுக்குத் தெரிந்த அறம் அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டாமா?

மறதி மனிதனுக்கு வரம் என்பர். உண்மைதான். பகையை மறக்கிறோம், இழவை மறக்கிறோம், அண்டை வீட்டான் ஆத்திரத்திலே சொன்ன சொல்லை மறந்து அவன் வீட்டுத் திருமணத்துக்குப் போகிறோம். மறப்பதால் மனிதன் பெரியவனாகிறான். ஏன்? தனக்கு இழைக்கப்பட்டதை அவன் மறக்கிறான். அது அவன் கொடை. தான் பிறருக்கு இழைத்ததைத் தானே மறந்துவிட்டு, "நான் பெருந்தன்மையுடையவன்" என்று எவனேனும் சொன்னால் அவனை என்னென்பது? அடித்தவனுக்கு மறக்கும் உரிமை கிடையாது, அடிபட்டவனுக்குத்தான் உண்டு. ஆட்சி என்பது அதிகாரம் கொண்ட கை. அந்தக் கை செய்ததை மறக்கலாமா, மன்னிக்கலாமா என்று தீர்மானிப்பவர் மக்கள். அவர்கள் தீர்மானிக்குமுன் ஏட்டை அழிப்பது, பிறர் தர வேண்டிய மன்னிப்பைத் தானே எடுத்துக்கொள்வதாகும். அதற்குப் பெயர் திருட்டு.

பழந்தமிழகத்திலே இதை அறியாமலா இருந்தார்கள்? பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரலாகாது என்கிறது. அந்தச் சபையிலே யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்ற கேள்வி வேறு. அதை நாம் கேட்காமல் விடமாட்டோம். ஆனால் அவர்கள் அந்த விதியைக் கல்லிலே வெட்டினார்கள். ஆயிரத்து நூறு ஆண்டு கழிந்தும் படிக்கிறோம். நம் காலத்து விதி என்ன? கல்லைவிட நுட்பமான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மறக்கப் பழக்குகிறோம்!

இளைஞர்களே! மேடையிலே பேசுவதோடு நம் கடமை தீரவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தன்னிடமுள்ள ஆவண வகைகளின் பட்டியலையும், மின்னணு வடிவிலே உள்ள தகவல்களின் விவரத்தையும் தானே வெளியிட வேண்டும் என்பது சட்டம். பேரூராட்சியில் கேளுங்கள், வட்டாட்சியர் அலுவலகத்திலே கேளுங்கள், காவல் நிலையத்திலே கேளுங்கள். "எவ்வகைப் பதிவை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? சென்ற ஆண்டு எதை அழித்தீர்கள்? யார் ஆணைப்படி?" என்று கேளுங்கள். ஓர் ஊரிலே ஒரு கொடுமை நடந்தால், கூட்டம் கூட்டுவதற்கு முன்பே, அன்றைக்கே, அந்த நேரத்துப் பதிவைக் கேட்டு மனுப் போடுங்கள். அழிக்காதே என்று எழுத்திலே எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனு போய்ச் சேர்ந்துவிட்டால் அதன்பின் அழிப்பது குற்றமாகும். நீங்கள் எழுதும் நான்கு வரி, அந்தப் பதிவுக்கு நீங்கள் போடும் வேலி. எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். மாலை நேரத்துப் படிப்பகத்திலே ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

ஏடு திறக்கும் நாள் சாவுக்குப் பின்னர் வரும் என்று காத்திருந்தவர்கள் நம் பாட்டன்மார். நமக்கு அந்தப் பொறுமை வேண்டாம். முப்பது நாள் போதும். ஆனால் அந்த முப்பதாம் நாளிலே ஏடு இருக்க வேண்டும்.